காந்தப் பாயை இரவல் கேட்டு வந்த தம்பிக்கு

கொஞ்சம் நீண்ட பதிவு இது. வீட்டில் வயதான உம்மா, வாப்பா இருப்பவர்கள் நேரம் எடுத்து வாசித்தால் நல்லது.

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு அயலில் உள்ள ஒரு தம்பி வந்தார். அவருடைய உம்மா வாசற்படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு வீங்கிப் போயிருக்கிறது. "சேர், உங்கட ஊட்டுல அந்தக் காந்தப் பாய் இரிக்குதாம். ரெண்டு மூணு நாளைக்குத் தாங்களன்" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உள்ளே கதிரையில் இருந்து இஷாவுக்குக் காத்திருந்த உம்மாவும் எட்டிப் பார்த்தார். அந்தப் பாய் இப்போது பாயாக இல்லை என்று அந்தத் தம்பிக்கு எப்படிச் சொல்வது? நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் பிள்ளைகள் நான்கு பேர். ஒருவர் கட்டாரில். ஒருவர் பாடசாலையில் இருபது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறார். அது யார் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். விஞ்ஞானம் படிப்பிக்கும் வீட்டுக்குள்தான் 130,000 ரூபாவுக்கு ஒரு காந்தப் பாய் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாய் வந்த விதம் உங்களில் பலருக்குப் பழக்கமானதே. ஊரில் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். வயதானவர்களை அழைத்து இலவசமாகப் பாயில் படுக்க வைத்தார்கள். "மாமி, இப்ப எப்பிடி இரிக்கி?" என்று அன்பாகக் கேட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். பிள்ளைகள் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போன பிறகு தனித்திருக்கும் முதியவர்களிடம் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? முழங்கால் வலி குறைந்ததாக உம்மா சொன்னார். அது பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் காலை நீட்டிப் படுத்து, நாலு பேரோடு சிரித்துக் கதைத்தால் யாருக்கும் வலி கொஞ்சம் குறையும்.

வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபோது, விற்க வந்த பையன் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். இத்தாலியில் விஞ்ஞானிகள் எலும்புக் கனிமத்தோடு காந்த நனோ துகளைச் சேர்த்து எலும்பை வளர்க்கிறார்கள், மருந்தைக் காந்தத்தால் இழுத்து நோய் உள்ள இடத்துக்கே கொண்டு போகிறார்கள் என்று அதில் இருந்தது. "இது அதே தொழினுட்பம்தான் சேர்" என்றான்.

அந்த ஆராய்ச்சி உண்மையானது. எங்கள் தலை ஆடியதற்கும் அதுதான் காரணம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் நாங்களே பிடித்திருப்போம்.

பாய் வந்து மூன்றாம் மாதம், ஒரு சுபஹு நேரம், வுழூ எடுக்கும் குழாயடியில் உம்மா விழுந்தார். தாங்கிப் பிடித்து எழுப்பினோம். நடந்தார். கொஞ்சம் நொண்டினார், அவ்வளவுதான். "ஒண்டுமில்ல மனே, இடுப்புப் பக்கம் லேசா நோகுது. பாயில படுத்தா செரியாகிரும்" என்றார். நாங்களும் சரி என்றோம். நடக்கிறார்தானே, எலும்பு உடைந்திருந்தால் நடக்க முடியுமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள் காலையில் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கால் கட்டையாகிவிட்டது போல் தெரிந்தது.

எக்ஸ்ரே படத்தைக் காட்டி என்பு முறிவு வைத்தியர் விளக்கினார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முதல் நாளே உடைந்திருக்கிறது. ஆனால் உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நின்றதால் நடக்க முடிந்திருக்கிறது. வயதானவர்களில் இப்படி நடப்பது உண்டாம். அன்றே வந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று திருகாணிகளால் பொருத்திச் சொந்த எலும்பையே காப்பாற்றியிருக்கலாம். இப்போது எலும்பு விலகிவிட்டது. தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைக்க வேண்டும். அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

சத்திரசிகிச்சை முடிந்து, வார்டில் மாறி மாறிக் காவல் இருந்த இரவுகளில்தான் அந்த வீடியோவில் சொன்ன ஆராய்ச்சியைத் தேடி வாசித்தோம். கோபத்தில் ஆரம்பித்த வாசிப்பு, போகப் போக ஆச்சரியமாக மாறியது. அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

முதலில் எலும்பு. நமது எலும்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அதன் பெயர் ஹைட்ரொக்சி அபடைட். கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த ஒரு பளிங்கு அது. நமது நாட்டில் எப்பாவலயில் தோண்டிப் பசளைக்கு எடுக்கிறார்களே, அந்தப் பாறையும் அபடைட் குடும்பம்தான். எலும்பில் அது பாறையாக இல்லை. சில நனோமீற்றர் தடிப்பும் சில பத்து நனோமீற்றர் நீளமும் கொண்ட மிகச் சின்னத் தகடுகளாக, கொலாஜன் என்ற புரத நாருக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பு கிட்டத்தட்ட 80,000 நனோமீற்றர் என்று வைத்தால் அளவு விளங்கும். நனோ தொழினுட்பம் என்று நாம் இப்போது பேசுகிற விடயம் உம்மாவின் இடுப்பில் எழுபது வருடமாக இருந்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ்.

அடுத்தது காந்தத் துகள். கடற்கரை மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்புத் தூள் ஒட்டும். சின்ன வயதில் எல்லோரும் செய்திருப்போம். அப்படி ஒட்டுவதில் முக்கியமானது மக்னடைட் என்ற இரும்பு ஒட்சைட். சேருவிலப் பக்கம் நிலத்துக்கடியில் இதன் படிவு ஒன்று இருக்கிறது. இந்த மக்னடைட்டைப் பத்து, பதினைந்து நனோமீற்றர் அளவுக்குச் சிறிதாக்கினால் அதன் குணம் மாறும். காந்தம் கிட்ட வரும்போது மட்டும் காந்தமாகும், காந்தத்தை எடுத்தால் மறந்துவிடும். வகுப்பில் இதை இப்படிச் சொல்வோம்: அதிபர் வராந்தாவில் வந்தால் வரிசையில் நிற்பீர்கள், அவர் போனதும் கலைந்துவிடுவீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் உடலுக்குள் இந்தக் கலைதல் மிக முக்கியம். கலையாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இரத்தக் குழாயை அடைத்துவிடும்.

இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் அந்த ஆராய்ச்சி. இத்தாலியில் ஃபயன்சா என்று ஒரு ஊர் இருக்கிறது. மட்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். அங்குள்ள அரச ஆய்வு நிறுவனமும் மட்பாண்ட விஞ்ஞானத்துக்கென்றே தொடங்கப்பட்டது. சட்டி பானை செய்த ஊர் செயற்கை எலும்பு செய்யப் போனதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அங்கே அன்னா தம்பியேரி என்பவரின் குழு, அபடைட் பளிங்கில் கல்சியம் இருக்க வேண்டிய சில இடங்களில் இரும்பை அமர்த்தி, எலும்புக் கனிமத்தையே காந்தத்துக்கு இணங்குவதாக மாற்றியது. 2012இல் அதை வெளியிட்டார்கள். தனியாக இரும்பு ஒட்சைட்டை நிறையக் கலந்தால் அது நீண்ட காலம் உடலில் தங்கி என்ன செய்யும் என்ற கவலை உண்டு. அந்தக் கவலையைக் குறைக்கத்தான் இந்த வழி.

அவர்கள் பங்குகொண்ட ஐரோப்பியத் திட்டம் ஒன்றின் யோசனை எங்களுக்கு மிகவும் பிடித்தது. எலும்பில் பெரிய இடைவெளி விழுந்தால், அங்கே துளைகள் நிறைந்த ஒரு காந்தச் சட்டகத்தை வைப்பார்கள். அது ஒரு பஸ் தரிப்பிடம் மாதிரி. எலும்பு வளரத் தேவையான மருந்தைக் காந்தத் துகளில் ஏற்றி, பிறகு தேவைப்படும்போதெல்லாம் உள்ளே அனுப்பினால், தரிப்பிடத்தில் வந்து இறங்கும். மீண்டும் மீண்டும் வெட்டித் திறக்கத் தேவையில்லை. இன்னொரு யோசனை, எலும்பில் புற்றுநோய்க் கட்டியை வெட்டியெடுத்த குழியை இப்படியான பொருளால் நிரப்பி, வெளியிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தைக் கொடுப்பது. துகள்கள் 42, 43 பாகை அளவுக்குச் சூடாகும். மிச்சமிருக்கும் புற்றுநோய்க் கலங்கள் அந்தச் சூட்டைத் தாங்காது. குழியை நிரப்பிய அதே பொருள் பிறகு எலும்பு வளர இடம் கொடுக்கும்.

இதை வாசித்தபோது வார்டில் நடுச்சாமம். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா முனகிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு நாள் வந்தால் எத்தனை பேருக்கு நிம்மதி என்று நினைத்தோம்.

ஆனால் அது எங்கே நிற்கிறது? ஆய்வுகூடத்தில் கலங்களிலும், முயல் போன்ற விலங்குகளிலும். காந்த எலும்பைப் பொறுத்தவரை அவ்வளவுதான். காந்தத்தால் மருந்தை இழுப்பதை மனிதரில் முதலில் செய்து பார்த்தது ஜெர்மனியில், 1996இல் வெளியானது. புற்றுநோய் முற்றிய 14 பேர். ஏறத்தாழப் பாதிப் பேரில்தான் துகள்கள் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. காரணம் கஷ்டமானதல்ல, தரம் 10 பாடம்தான். காந்தத்தின் இழுவை தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். இரத்தம் வேகமாக ஓடும். அதற்கிடையில் ஈரலும் மண்ணீரலும் இந்தத் துகள்களைக் குப்பை என்று நினைத்துப் பொறுக்கிக்கொள்ளும். தோலுக்குக் கிட்ட இருக்கும் கட்டிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இடுப்பு மூட்டு சதைக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது!

இரும்பு ஒட்சைட் நனோ துகள் மருந்தே கிடையாது என்றும் இல்லை. சிறுநீரக நோயாளரின் இரத்தச் சோகைக்கு ஊசியாகப் போடும் ஃபெருமொக்ஸிடோல் 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015இல் அதே மருந்துக்கு, கடுமையான ஒவ்வாமை வரலாம் என்ற மிக உயர்ந்த எச்சரிக்கையையும் போட்டார்கள். அனுமதி பெற்ற ஒன்றையே இத்தனை கவனமாகப் பார்க்கிறார்கள். பாய்க்கு என்ன எச்சரிக்கை இருந்தது? "தண்ணி படாமப் பாத்துக்கங்க மாமி" என்றான் பையன்.

உம்மா வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் தரம் 10 வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், ரத்தத்துல இரும்பு இரிக்கிதானே. அப்ப காந்தம் ரத்தத்த இழுக்குமா? எங்கட மூத்தம்மாக்கு அப்பிடித்தான் சொன்னாங்க." அவள் வீட்டிலும் ஒரு பாய்.

இழுக்காது பிள்ளை. இரத்தத்தில் இருப்பது ஆணியின் இரும்பு அல்ல. ஈமோகுளோபினுக்குள் ஒவ்வொரு இரும்பு அணுவும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஒட்சிசன் ஏற்றிய இரத்தம் காந்தத்தை மிக மிக மெல்லியதாக விலக்கவே செய்கிறது. லைனஸ் போலிங் இதை 1936இலேயே காட்டிவிட்டார். எம்.ஆர்.ஐ இயந்திரத்தின் காந்தம் பாயில் உள்ளதை விடப் பல மடங்கு வலிமையானது. இரத்தத்தைக் காந்தம் இழுக்குமென்றால் அதற்குள் போனவர் யாரும் உயிரோடு வெளியே வந்திருக்க மாட்டார்.

அடுத்த நாள் பாயை வகுப்புக்கே கொண்டு போனோம். பிள்ளைகள் தையலைப் பிரித்தார்கள். உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு இடையில் வரிசையாகச் சின்னக் கறுப்பு வட்டக் காந்தங்கள், பழைய ஸ்பீக்கரில் இருக்கும் வகை. ஒன்றின் மேல் ஒரு 80 பக்க அப்பியாசக் கொப்பியை வைத்து, மேலே கடதாசிக் கிளிப்பை வைத்தார்கள். காந்தத்தை நகர்த்தியபோது கிளிப் லேசாக ஆடியது. மூன்று கொப்பி வைத்தபோது அசையவே இல்லை. மூன்று கொப்பி என்பது ஒரு சென்ரிமீற்றர் அளவு. இதில் கிளிப்பாவது இரும்பு. உம்மாவின் இடுப்புக்குள் இழுபடுவதற்கு எந்தக் காந்தத் துகளும் யாரும் போடவில்லை. இத்தாலி ஆராய்ச்சிக்கும் இந்தப் பாய்க்கும் இடையில் ஒரே ஒரு ஒற்றுமை, காந்தம் என்ற சொல்.

ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. பொருந்தாமல் நிற்கும் எலும்பு முறிவுக்கு, துடிப்பாக மாறும் மின்காந்தப் புலம் கொடுக்கும் கருவிக்கு 1979இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அது எவ்வளவு பயன் என்று வைத்தியர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் அது எக்ஸ்ரே எடுத்து, முறிவைப் பொருத்தி, மாதக்கணக்கில் பார்த்த பிறகு நிபுணர் எழுதிக் கொடுப்பது. பஞ்சுக்குள் தைத்த காந்தம் வேறு. வலிக்கு அப்படியான நிலையான காந்தத்தை வைத்துச் செய்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2007இல் கனடா மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. வலிக்கு இதைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்பதுதான் அதன் முடிவு.

நனோ என்ற சொல் நமது வயற்காரர்களுக்கு 2021இல் அறிமுகமானது. இரசாயனப் பசளையைத் தடைசெய்த அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து போத்தலில் நனோ நைட்ரஜன் வந்தது. அந்தப் போகத்தை யாரும் மறக்கவில்லை. அதனால் நனோ என்றாலே சிலருக்குக் கோபம், சிலருக்கு மந்திரம். ஆனால் அதற்கு முன், 2017இலேயே நமது நாட்டு விஞ்ஞானி நில்வலா கோட்டேகொடவின் குழு, அபடைட் நனோ துகளில் யூரியாவை ஏற்றி மெதுவாக வெளிவிடும் பசளையைச் செய்து உலகத் தரமான இதழில் வெளியிட்டிருந்தது. எலும்பில் இருக்கும் அதே கனிமம்தான். யூரியாவுக்குப் பதிலாக மருந்தை ஏற்றினால் அதுவே மருந்து சுமக்கும் துகள். நமது பிள்ளைகள் எட்ட முடியாத விஞ்ஞானம் அல்ல இது.

சிலர் இன்பொக்ஸில், இப்படியான செயற்கை எலும்பு ஹலாலா என்று கேட்டிருந்தீர்கள். ஹைட்ரொக்சி அபடைட்டை கல்சியம், பொஸ்பேட் உப்புகளிலிருந்து நேரடியாகவே செய்யலாம். மாட்டெலும்பு, மீன் எலும்பு, முட்டைக் கோது ஆகியவற்றிலிருந்தும் செய்கிறார்கள். எது என்று வைத்தியரிடம் கேட்பது நமது உரிமை. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள்.

இனி உம்மாவின் மாத்திரைப் பெட்டி. இது எங்களை இன்றும் யோசிக்க வைக்கிறது. எலும்பு தேய்ந்திருக்கிறது என்று கிளினிக்கில் கிழமைக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அலென்ட்ரோனேட். வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பிறகு, வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறைய வெறும் தண்ணீரோடு. பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம், அதனால் வைத்தியர் சொல்லாமல் யாரும் எடுக்க வேண்டாம். இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தோம். அது குடலிலிருந்து இரத்தத்துக்குப் போய், தானாகவே எலும்பின் ஹைட்ரொக்சி அபடைட்டைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. வருடக்கணக்கில் அங்கேயே தங்கி, எலும்பைக் கரைக்கும் கலங்களைத் தடுக்கிறது. மருந்தை எலும்புக்கே அனுப்புவது என்று அந்த வீடியோவில் சொன்னார்களே, அதில் ஒரு பங்கு எந்தக் காந்தமும் இல்லாமல் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் எப்போதோ வந்துவிட்டது. உம்மாவுக்கு அறுபது வயதில் எலும்பு அடர்த்தியைச் சோதித்திருந்தால், இந்த மாத்திரை விழுவதற்கு முன்பே கிடைத்திருக்கும். நாங்கள் யாரும் கேட்கவில்லை. பாய்க்கு மட்டும் எல்லோரும் காசு சேர்த்தோம்.

இப்போது உம்மா வோக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். கதிரையில் இருந்துதான் தொழுகிறார். "சுஜூதுக்கு நெத்தி நிலத்துல படாததுதான் மனசுக்கு ஒரு மாதிரி" என்று ஒரு நாள் சொன்னார். நாங்கள் பதில் சொல்லவில்லை. குழாயடியில் கைபிடி பொருத்தியிருக்கிறோம். சீமெந்துத் தரையைச் சொரசொரப்பாக்கினோம். இரண்டுக்கும் 5,000 ரூபா கூட முடியவில்லை.

அந்தத் தம்பிக்கு அன்றிரவு பாய் கிடைக்கவில்லை. பாதி காந்தம் விஞ்ஞான அறை அலுமாரியில், மீதி பிள்ளைகளின் பென்சில் பெட்டிகளில். "பஞ்ச மட்டும் நான் தலகாணிக்கி எடுத்துட்டன்" என்று உம்மா உள்ளேயிருந்து சொன்னார். தம்பிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முகத்தில் யோசனை. நாளைக்குப் பார்ப்போமே சேர், வீக்கம் வத்திரும் என்றார். எங்களில் ஒருவர் ஓட்டோவுக்கு அழைப்பு எடுத்தார், மற்றவர் அவருடனேயே போனார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வெடித்திருந்தது, விலகவில்லை. இரவு பதினொரு மணிக்கு மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு அடர்த்திச் சோதனைக்கும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த புதன் கிளினிக்.